சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் மனதைத் திருப்புவது: திருகோணமலை அலுவலகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

"எங்கட ஆக்களைக் கொஞ்சம் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வரப் பண்ணுங்கோ" என்ற பொறுப்பு ஒரு திணைக்களத்திலோ, வங்கிக் கிளையிலோ, ரியூசன் நிலையத்திலோ உங்களிடம் வரலாம். அப்போது செய்ய வேண்டியவற்றை, செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே கீழே தருகிறேன். ஒழுங்கை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் அநேகமாகச் சுவரொட்டியில்தான் தொடங்குகிறார்கள். இங்கே எழுத்து வேலை ஆறாவது படியில் வருகிறது. அதற்கு முந்திய ஐந்தும் நடக்காவிட்டால் எவ்வளவு அழகாக எழுதினாலும் தரிப்பிடத்தில் ஒரு சைக்கிள்கூடக் கூடாது.

இந்த வழிகாட்டி முழுவதும் "தூண்டல்" (nudge) பற்றியது. தூண்டல் என்று நான் சொல்வதில் தடை இல்லை, தண்டம் இல்லை, பெரிய பணச் சலுகையும் இல்லை. சூழலைச் சற்று மாற்றி நல்ல தெரிவை இலேசாக்குவது மட்டும்தான். வேண்டாம் என்பவர் சிரமமின்றி விலக வழி இருக்க வேண்டும். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டைனும் 2008இல் வகுத்த எல்லையும் இதுதான். மோட்டார் சைக்கிளுக்குத் தரிப்பிடக் கட்டணம் அறவிடுவது நல்ல யோசனையாக இருக்கலாம். ஆனால் அது தூண்டல் அல்ல, அதைச் செய்யும் முறையும் வேறு.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விடயங்களுக்கு மேலதிகாரியின் அனுமதியை எழுத்தில் எடுங்கள்: தரிப்பிட ஒழுங்கை மாற்றுவது, படிவங்களை மாற்றுவது, சிறு செலவு. வாய்மொழி அனுமதி, அதைத் தந்தவர் இடமாற்றமாகும் நாள்வரைதான் நிற்கும்.

வாசல் காவலாளியை முதல் நாளே குழுவில் சேருங்கள். யார் எதில் வருகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று கை காட்டுபவரும் அவர்தான். சைக்கிளைக் கண்டதும் "பின்னுக்குக் கொண்டுபோங்கோ" என்று அவர் சொன்னால் உங்கள் முயற்சி வாசலிலேயே முடிந்துவிடும்.

குழுவில் தமிழ் பேசுபவர், சிங்களம் பேசுபவர் இருவரும் வேண்டும். ஒரு பெண்ணாவது கட்டாயம் வேண்டும். மூன்று மாத அவகாசம் கேளுங்கள், அதற்குக் குறைந்தால் எதுவும் தெரியாது.

1. எந்தப் பயணத்தை மாற்றப் போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள்

"எல்லோரும், எல்லா நாளும்" என்று தொடங்கினால் யாரும் மாறுவதில்லை. ஆட்களை விட்டுவிட்டுப் பயணங்களைப் பட்டியலிடுங்கள்.

ஒரு கிலோமீற்றருக்குள் என்றால் நடை. ஐந்து கிலோமீற்றர்வரை சைக்கிள். மணிக்கு 15 கிலோமீற்றர் என்ற நிதானமான வேகத்தில் உழக்கினாலே நான்கு கிலோமீற்றரை 16 நிமிடத்தில் கடந்துவிடலாம். பாலையூற்று, லிங்கநகர், உப்புவெளிப் பக்கம் இருந்து நகருக்குள் வருபவர்களில் பெரும்பாலானோர் இந்த வட்டத்துக்குள் அடங்குவார்கள். நிலாவெளி, கிண்ணியா, தம்பலகாமம் என்றால் பஸ்தான். அங்கிருந்து வருபவருக்குச் சைக்கிளைப் பற்றிப் பேசினால், மிச்சம் நீங்கள் சொல்லும் எதையும் அவர் கேட்கமாட்டார்.

இந்தப் பட்டியலில் இருந்து முதலில் இரண்டு கூட்டத்தை ஒதுக்கி வையுங்கள். ஒன்று, பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு வருபவர்கள். பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது, அரச அலுவலகம் 8.30க்கு. இடையிலுள்ள ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பிள்ளை, இரண்டு பாடசாலை, வழியில் ஒரு கடை என்று ஓடும் தாயின் காலையை ஒரு வாசகம் மாற்றாது. மற்றது, மோட்டார் சைக்கிளில் இருவராக வருபவர்கள். ஒருவர் சைக்கிளுக்கு மாறினாலும் மற்றவர் அதே மோட்டார் சைக்கிளில் வரத்தான் போகிறார், பெற்றோல் மிச்சமாகாது.

எஞ்சுபவர்கள் ஐந்து கிலோமீற்றருக்குள் தனியாக மோட்டார் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வருபவர்கள். உங்கள் இலக்கு அவர்கள். அவர்களிலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்த் திரும்புபவர்களைத் தனியாகக் குறியுங்கள். அவர்களின் ஒரு நாள் ஓட்டம் இரட்டிப்பு. உச்சி வெயிலில் அவர்களைச் சைக்கிளில் போகச் சொல்லவும் முடியாது. அலுவலகத்தில் சாப்பாட்டைச் சூடாக்கவும் இருந்து சாப்பிடவும் ஓர் இடம் செய்து கொடுத்தால், சைக்கிளைப் பற்றிப் பேசாமலே பாதி ஓட்டம் குறையும்.

2. ஒரு வாரம் எண்ணுங்கள்

ஆட்களிடம் கேட்க வேண்டாம், எண்ணுங்கள். "கிழமையில எத்தனை நாள் சைக்கிளில வருவீங்கள்?" என்று கேட்டால் பெரும்பாலானோர் கூட்டியே சொல்வார்கள். அது பொய் அல்ல, தாங்கள் வர விரும்பும் நாட்களையும் சேர்த்துவிடுகிறார்கள்.

காலை 7.45 முதல் 8.45 வரை வாசலில் நின்று நடை, சைக்கிள், பஸ், ஓட்டோ, மோட்டார் சைக்கிளில் தனி, இருவர், கார் அல்லது வான் என்று கோடு போடுங்கள். பெயர் எழுதக் கூடாது. பெயர் எழுதினால் அது வரவு இடாப்பு ஆகிவிடும், பிறகு யாரும் உங்களை நம்பமாட்டார்கள். மத்தியானம் எத்தனை வண்டி வெளியே போகிறது என்பதையும் ஒரு தரம் எண்ணுங்கள்.

வாரத்தைத் தெரிவதில் கவனம் வேண்டும். போயா விடுமுறை வரும் வாரம், நோன்பு மாதம், கோயில் திருவிழா நாட்கள், க.பொ.த. பரீட்சைக் காலம், மழை வாரம் எதுவும் வேண்டாம். முடிந்தால் இதே அளவிலான இன்னோர் அலுவலகத்தையும் அதே வாரத்தில் எண்ணச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்துச் சைக்கிள் கூடியது உங்கள் வேலையாலா, பெற்றோல் விலை ஏறியதாலா என்று அந்த ஒப்பீடுதான் காட்டும்.

3. தடையை அகற்றுங்கள்

பாதி உழைப்பையும் கிட்டத்தட்ட முழுக் காசையும் இங்கே போடுங்கள். மனமிருந்தும் செய்யாதவரைத்தான் தூண்டல் நகர்த்தும், வழியே இல்லாதவரை நகர்த்தாது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. ஐரோப்பாவின் பெரிய விமான நிலையம் ஒன்றில் ஏறத்தாழ 69,000 ஊழியர்களிடையே, ஆய்வாளர்கள் ஏரியல் கிறிஸ்டலும் ஆஷ்லி விலன்ஸும் ஐந்து கள முயற்சிகளில் கடிதமும் மின்னஞ்சலும் அனுப்பி, தனியாகக் கார் ஓட்டி வருவதைக் குறைக்கப் பார்த்தார்கள். எதுவும் பயணமுறையை மாற்றவில்லை. கவனமாக எழுதப்பட்ட கடிதங்களே பயனற்றுப் போன இடத்தில் நம் அறிவித்தல் பலகை என்ன செய்யும்?

திருகோணமலையில் திரும்பத் திரும்பக் காணும் தடைகள் இவை.

நிழல். சைக்கிளை வெயிலில் விட்டால் பின்னேரம் சீற்றில் இருக்க முடியாது. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் ரியூபும் கெதியாகப் பழுதாகும். சைக்கிள் தரிப்பிடத்தை வாசலுக்கு மிக அருகிலுள்ள நிழலுக்கு மாற்றுங்கள், மோட்டார் சைக்கிள் சற்றுத் தள்ளி நிற்கட்டும். தகரம் போடுவதிலும் கிடுகுக் கூரை குளிர்ச்சி, செலவும் குறைவு. பல அலுவலகங்களில் அதிகாரியின் காருக்குத்தான் ஒரே நிழல் இருக்கும். அந்த நிழலில் பாதியைக் கேட்டு வாங்க உங்களுக்குத் துணிவு வேண்டும். அது கிடைத்த இடங்களில் அடுத்த படிகள் எல்லாம் இலகுவாயின.

காற்றும் ஒட்டும். காற்றுப் பம்ப், ஒட்டுப் போடும் சாமான், செயின் எண்ணெய் மூன்றையும் காவலாளியிடம் வையுங்கள். கடற்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த செயினை உழக்குபவர் "எனக்கு வயது போட்டுது" என்று நினைத்துச் சைக்கிளை விட்டுவிடுகிறார். பக்கத்தில் சைக்கிள் திருத்துபவர் இருந்தால் மாதத்தில் ஒரு காலை அவரை அலுவலகத்துக்கே வரவழையுங்கள்.

உடுப்பு. சேலையிலும் அபாயாவிலும் வரும் பெண்களுக்குச் செயின் மூடியும் பின்சில்லுக்கு வலையும் இல்லாத சைக்கிள் ஆபத்து. இவை இரண்டும் பூட்டக்கூடியவை. உடுப்பு மாற்ற உள்ளே பூட்டக்கூடிய ஓர் அறை, ஒரு கண்ணாடி, ஒரு விசிறி வேண்டும். ஆண்கள் மட்டும் இருக்கும் குழுக்களுக்கு இந்தத் தேவை கண்ணில் படுவதே இல்லை.

திரும்பிப் போகும் பயம். பஸ்ஸில் வருபவரின் மனதில் ஓடுவது கட்டணம் அல்ல, "பிள்ளைக்குச் சுகமில்லை என்று கோல் வந்தால் எப்படிப் போறது?" என்பதுதான். அப்படியான நாளில் ஓட்டோக் காசை அலுவலகம் தரும் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். பல நாடுகளில் நடைமுறையில் உள்ள ஒழுங்கு இது, மிகச் சிலரே பயன்படுத்துவார்கள். அந்தக் கடிதம் இருப்பதே போதும், மனம் ஆறும்.

பஸ் நேரம். அலுவலகம் 4.15க்கு விட, பஸ் 4.10க்குப் போய்விட்டால் அந்த ஆள் மோட்டார் சைக்கிள்தான் வாங்குவார். பஸ் நிலையத்தில் ரைம்கீப்பரிடம் கேட்டு, இ.போ.ச. பஸ்ஸையும் தனியார் பஸ்ஸையும் சேர்த்து எழுதுங்கள். நிலையத்தில் இருந்து புறப்படும் நேரமும் உங்கள் தரிப்பிடத்துக்கு வரும் நேரமும் வேறு. இரண்டாவதை நீங்களே நின்று பார்த்துக் குறியுங்கள். அந்தத் தாளை ஆட்கள் வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இணையத்தில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். பின்னேர நெரிசல் பஸ்ஸில் பெண்கள் படும் தொல்லையை அவர்களிடமே கேட்டறிந்து, சற்று முந்திப் புறப்பட அனுமதி கிடைக்குமா என்று பாருங்கள்.

4. "கேட்காவிட்டால் கிடைப்பது" எது என்பதை மாற்றுங்கள்

ஒரு படிவத்தில் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும் விடையைப் பெரும்பாலானோர் மாற்றுவதில்லை. சோம்பல் மட்டும் காரணமல்ல, "இதுதான் இங்கே வழக்கம்" என்றும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். தூண்டல்களில் ஆகப் பலமானது இதுதான்.

உட்துறைமுக வீதியில் இருக்கும் கந்தோரில் இருந்து ஓர்ஸ் ஹில்லுக்கு ஒரு கோப்பைக் கொண்டுபோக வேண்டும் என்று வையுங்கள். வழமையில் அலுவலக மோட்டார் சைக்கிளின் திறப்பைக் கொடுப்பார்கள். இனி மேசையில் அலுவலகச் சைக்கிளின் திறப்பு இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம். வாகனக் கோரிக்கைப் படிவத்தின் முதல் வரியில் சைக்கிள், இரண்டாவதில் பஸ், மூன்றாவதில் வாகனம். கூட்ட அழைப்பில் "வாகனத் தரிப்பிடம் உண்டு" என்ற வரிக்குப் பதிலாக எந்தப் பஸ்ஸில் வந்தால் நேரத்துக்கு வரலாம் என்று எழுதுங்கள். கூட்டத்தையும் அந்தப் பஸ் வந்து பத்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள்.

இங்கே புதியவர்கள் விடும் பிழை, வேண்டாம் என்பவரிடம் காரணம் எழுதச் சொல்வது. அந்த ஒரு கோடிட்ட இடம் தூண்டலைத் தண்டனை ஆக்கிவிடும். முழங்கால் வருத்தம், மாதவிடாய், கர்ப்பம் எல்லாவற்றையும் ஒருவர் எழுத்தில் கொடுக்க நேரிடும். கேட்டால் கொடுக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

5. காலத்தைத் தெரிவு செய்யுங்கள்

பழக்கம் தானே உடையும் நேரத்தில்தான் புதுப் பழக்கம் ஒட்டும். 2014 பெப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் வேலைநிறுத்தத்தின்போது வேறு வழியில் போன பயணிகளில் ஏறத்தாழ 5 வீதமானோர் வேலைநிறுத்தம் முடிந்த பின்னும் அந்தப் புது வழியிலேயே தொடர்ந்தார்கள். புதிதாக வீடு மாறியவர்கள் முதல் சில மாதங்களில் இத்தகைய மாற்றத்துக்கு எளிதில் இணங்குகிறார்கள் என்று உளவியலாளர் பாஸ் வெர்பிளாங்கனின் ஆய்வுகள் சொல்கின்றன.

இதே பாடம் நமக்கு 2022இல் கிடைத்தது. பெற்றோல் தட்டுப்பாட்டால் அந்த ஜூலையில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான். தூசு தட்டிய சைக்கிள்கள் வீதிக்கு வந்தன. சைக்கிள் விலையும் ஏறியது. 2023 செப்ரெம்பரில் பங்கீடு முடிந்தபோது பலர் பழையபடி மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். பழக்கம் உடைந்திருந்தது. அதைப் பிடித்து வைக்க நிழலோ, தரிப்பிடமோ, பஸ் நேரத் தாளோ நான் அறிந்த எந்த அலுவலகத்திலும் போடப்படவில்லை. என் பார்வையில் நாம் தவறவிட்ட பெரிய வாய்ப்பு அது. மூன்றாம் படியை ஐந்தாம் படிக்கு முன் வைத்திருப்பதும் அதனால்தான். வாய்ப்பு எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது, வரும்போது எல்லாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் நல்ல காலங்கள்: ஜனவரியில் இடமாற்றம் பெற்று வருபவரின் முதல் வாரம், புது நியமனம், வீடு மாறல், மோட்டார் சைக்கிள் கராஜில் நிற்கும் நாட்கள், பெற்றோல் விலை திருத்தப்பட்ட மறுநாள். எல்லோருக்குமான தொடக்கம் தைப்பொங்கல் கழிந்து மாரி மழை ஓய்ந்த பிறகு இருக்கட்டும். ஒக்ரோபர் கடைசியில் தொடங்கினால் இரண்டாம் வாரம் எல்லோரும் நனைந்திருப்பார்கள். நனைந்த நினைவு அடுத்த வருடமும் உங்களுக்கு எதிராகப் பேசும்.

6. இப்போது எழுதுங்கள்

பலகையில் எழுதும் வாசகத்துக்கு மூன்று கவனிப்புகள்.

முதலாவது, குறைபாட்டை விளம்பரப்படுத்த வேண்டாம். "நமது ஊழியர்களில் மிகச் சிலரே சைக்கிளில் வருகின்றனர், இது வருத்தத்துக்குரியது" என்று எழுதினால் வாசிப்பவர் அதில் எடுப்பது "ஒருத்தரும் வாறேல்லை, நானும் வரத் தேவையில்லை" என்பதைத்தான். ஆட்கள் குறைவென்றால் தொகையைச் சொல்லாமல் போக்கைச் சொல்லுங்கள்: "போன மாதத்தைவிட இந்த மாதம் சைக்கிள் தரிப்பிடம் கூடுதலாக நிரம்பியது." கூடிக்கொண்டு போகிறது என்ற செய்தி, இன்று குறைவாக இருக்கும் வழக்கத்தையும் தூக்கிவிடும் என்பதை உளவியலாளர்கள் கிரெக் ஸ்பார்க்மனும் கிரெகரி வால்டனும் 2017இல் காட்டினார்கள். உங்கள் எண்ணிக்கை உண்மையில் கூடியிருந்தால் மட்டும் இதை எழுதுங்கள்.

இரண்டாவது, சராசரியைச் சொல்லும்போது ஏற்கெனவே நல்லது செய்பவரை மறக்க வேண்டாம். 2007இல் வெளியான ஆய்வொன்றுக்காகக் கலிபோர்னியாவில் வீட்டு மின் பாவனையை அயலவரின் சராசரியோடு ஒப்பிட்டுக் காட்டியபோது, குறைவாகப் பாவித்தவர்கள் கூட்டிப் பாவிக்கத் தொடங்கினார்கள். தாளில் ஒரு சிரித்த முகம் வரைந்து பாராட்டியதும் அது நின்றது. நம்மிடமும் இருபது வருடமாகச் சைக்கிளில் வரும் ஊழியர் ஒருவர் எல்லா அலுவலகத்திலும் இருப்பார். அநேகமாகச் சம்பளம் குறைந்தவர், அதனாலேயே அவர் சைக்கிள் யார் கண்ணிலும் மதிப்பில்லாமல் நிற்கும். முதல் நிழலும் முதல் நன்றியும் அவருக்குப் போகட்டும். சைக்கிள் ஏழைக்குரியது என்ற எண்ணத்தை உடைக்க, ஓர் உயரதிகாரி வாரத்தில் ஒரு நாள் அவருக்குப் பக்கத்தில் தன் சைக்கிளை நிறுத்துவதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது, உலகத்தைக் காப்பாற்றச் சொல்லாமல் அவருடைய கணக்கையே காட்டுங்கள். வீடு நான்கு கிலோமீற்றர் தூரம், மாதத்தில் 22 வேலை நாள் என்றால் போக வர 176 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் அது ஏறத்தாழ 4 லீற்றர், சாப்பாட்டுக்கும் போய்வந்தால் 8 லீற்றர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். அன்றைய விலையால் பெருக்கி ரூபாவை முதலில் எழுதுங்கள், கிலோவை அடுத்த வரியில் எழுதுங்கள்.

தமிழிலும் சிங்களத்திலும் தனித்தனியாகச் சிந்தித்து எழுதுங்கள். ஒன்றை மற்றதிலிருந்து பெயர்த்தால் இரண்டாவது சுற்றறிக்கை போல வாசிக்கும், யாரும் நின்று வாசிக்கமாட்டார்கள்.

7. நாளும் நேரமும் குறித்த அட்டை

"முயற்சி செய்கிறேன்" என்ற வாக்கைப் பெறாதீர்கள். எப்போது, எங்கிருந்து, தடை வந்தால் என்ன என்று எழுதியவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதைப் பீற்றர் கொல்விற்சர் என்ற உளவியலாளர் 1990களிலேயே காட்டிவிட்டார். கையளவு அட்டை போதும்:

"செவ்வாய், வியாழன் 7.55க்கு வீட்டில் இருந்து சைக்கிளில் புறப்படுவேன். மழை என்றால் 7.40 பஸ். முதல்நாள் இரவே காற்றுப் பார்ப்பேன்."

அவரே தன் கையெழுத்தில் நிரப்ப வேண்டும், அட்டை அவரிடமே இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எழுத விடாதீர்கள். ஐந்து நாளும் என்று எழுதியவர் ஒரு நாள் தவறியதும் முழுவதையும் கைவிடுவார். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், ஜும்ஆவுக்கும் கோயிலுக்கும் போகும் நாள். மாலை இருட்டிய பின் திரும்புபவரின் அட்டையில் பின் லைற்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடுகள் நம் ஊரில் உண்மையான ஆபத்து.

8. பரிசு கொடுப்பதானால்

கொடுக்காமல் இருப்பதே நல்லது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில், பிள்ளைகளைப் பிந்தி அழைக்கவரும் பெற்றோருக்குப் பராமரிப்பு நிலையங்கள் தண்டம் விதித்தபோது பிந்துவது கூடியது. தண்டத்தை நீக்கிய பிறகும் குறையவில்லை. காசு நுழைந்த இடத்தில் மனச்சாட்சி ஒதுங்கிவிட்டது. சைக்கிளில் வந்தால் காசு என்று தொடங்கினால், காசு நிற்கும் நாளில் சைக்கிளும் நிற்கும். காலையில் சைக்கிளில் வந்து இறங்குபவருக்கு ஒரு கப் தேசிக்காய்த் தண்ணி கொடுங்கள். அது உடனே கிடைக்கிறது, வியர்வைக்கும் இதம்.

9. மீண்டும் எண்ணுங்கள்

நான்காம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் அதே வாசலில், அதே நேரத்தில், அதே கோடுகள். நான்காம் வாரத்தில் கூடியிருப்பதை வைத்து யாருக்கும் அறிக்கை அனுப்ப வேண்டாம். புதுமையின் உற்சாகம் பெரும்பாலும் இரண்டு மாதத்தில் அடங்கிவிடும், பன்னிரண்டாம் வாரத்தில் எஞ்சுவதே உங்கள் கணக்கு. தனியாக வரும் மோட்டார் சைக்கிள் குறைந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சைக்கிள் கூடியும் மோட்டார் சைக்கிள் குறையாமல் இருந்தால், நடந்தோ பஸ்ஸிலோ வந்தவர்கள் சைக்கிளுக்கு மாறியிருக்கிறார்கள் என்று பொருள். அது கெட்டதல்ல, ஆனால் பெற்றோல் மிச்சமாகவில்லை.

செய்த மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஏன் செய்தோம் என்ற காரணத்துடன் பலகையில் போடுங்கள். சொல்லக் கூசும் மாற்றம் ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். மறைத்துச் செய்யும் தூண்டல் பிடிபட்ட நாளில், நேர்மையாகச் செய்த மற்றவையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

பன்னிரண்டாம் வாரமும் எதுவும் அசையவில்லை என்றால் வாசகங்களை மாற்றிப் பார்க்க வேண்டாம். மாறாமல் இருப்பவர்களில் நாலு பேரைத் தனித்தனியாகச் சந்தித்து, "ஏன் வரவில்லை?" என்று கேட்காமல், "நேற்றுக் காலை எழும்பியதில் இருந்து இங்கே வரும்வரை என்னென்ன செய்தீங்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பதில்களில் நீங்கள் காணாத தடை ஒன்று இருக்கும். அதை எழுதிக்கொண்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.